இருபத்தைந்தாவது ஆள்

விஜயகலாவுக்கு வலது மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. கருக்கலில் தொடங்கி முந்நூறு ரப்பர் மரத்தைப் பால் வெட்டிய கை. கத்தியைக் கழுவிக் கூரை இறப்பில் செருகிவிட்டு, குளித்து, சோறு தின்று, இரண்டு மைல் நடந்து கடைத்தெருவுக்கு வந்த பிறகும் விரல்கள் கத்திப்பிடியின் வளைவிலேயே நின்றன. அந்த வளைவுக்குள் பென்சிலை இடது கையால் செருகித்தான் எழுதத் தொடங்க வேண்டியிருந்தது.

ஹலீம் நானாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டை அடுக்கும் அறை. மூட்டையின் மேல் ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் ஹலீம் நானாவின் மகள் ரிஸ்னா. இரண்டு பேரும் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் மற்றப் பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் இரண்டு தடவை விழுந்தவர்கள். வருகிற டிசம்பர் மூன்றாவது தடவை. ரிஸ்னா தேறினாலும் விழுந்தாலும் அவளுக்குக் கடை இருந்தது, பேசி வைத்த மாப்பிள்ளை இருந்தான். விஜயகலாவின் சங்கதி வேறு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு உதவி ஆசிரியர் எடுக்கப் போகிறார்கள். கணக்கில் ஒரு சாதாரணச் சித்தி, மட்டுமட்டான தேர்ச்சி, இருந்தால் மனுப் போடலாம். இல்லாவிட்டால் இந்தக் கை இதே வளைவில் கிழடு தட்டிப் போகும்.

"எங்க, காட்டு" என்று ரிஸ்னா தாளை இழுத்தாள்.

கணக்கு இதுதான்: ஒரு கால்வாயை ஆறு பேர் பத்து நாட்களில் வெட்டி முடிப்பார்கள். நாலு பேர் என்றால் எத்தனை நாட்கள்? விஜயகலா பதினான்கு என்று எழுதியிருந்தாள்.

"பதினஞ்சுடி. ஆறப் பத்தால பெருக்கு, அறுவது மனித நாள். அத நாலால பிரி. நீ எழுபத அஞ்சால பிரிச்சு ஈக்கிற. ஏழு எங்கிருந்து வந்திச்சி? அஞ்சு எங்கிருந்து வந்திச்சி?"

"ஆறு பேரு வந்தாங்க. வேலைக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருப்பான்ல? அவனச் சேத்து ஏழு."

"கணக்குல அவன் இல்லயே."

"அவன் கால்வாய ஊருசனம் வெட்டுது, அவன் கையக் கட்டிக்கிட்டு நிப்பானா? வெக்கமா இருக்காது?"

"அவன் நாற்காலியில குந்தி வெத்தில போடுறான்னு நெனச்சிக்க."

"அப்ப அவன் தொரை."

"தொரையாவே இருக்கட்டும். தொரைய விட்டுட்டுப் பிரி, கழுத!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெளியே மழை தகரத்தில் கொட்டியது.

விஜயகலாவின் பிழை புத்திக்குறைவால் வந்ததல்ல, பழக்கத்தால் வந்தது. அவர்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு காய்கறித் தோட்டம் உண்டு. அந்த வேலைக்குக் கூலி கிடையாது, அத்தம்தான். இன்றைக்கு நீ என் துண்டில் ஒரு நாள் கொத்தினால், வேறொரு நாள் நான் உன் துண்டில் ஒரு நாள் கொத்த வேண்டும். பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்து லயத்துக்குள் வந்து ஒட்டிக்கொண்ட முறை அது. அத்தத்துக்கு ஆறு பேர் வந்தார்கள் என்று சொன்னால் வேலை செய்தது ஏழு பேர். வீட்டு ஆளை யாரும் வாய் திறந்து எண்ண மாட்டார்கள். ஆனால் அவன் இல்லாமல் வேலை நடக்காது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். வாத்தியாருக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

இப்போது விஜயகலா அத்தம் என்ற சொல்லை வாயால் எடுப்பதில்லை. அதற்குக் காரணம் ஜூன் முதலாம் தேதி.

அன்றைக்கு அவள் லயத்தில் அடுத்த காம்பராக் கருப்பாயியின் துண்டில் ஒரு நாள் அத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே குருவிட்ட டவுனில் கணக்கு வகுப்பு. இந்த விகிதப் பாடம்தான் தொடங்கினார்கள். அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து அண்ணன் பிரதீபன் புது மம்பட்டியைத் தோளில் போட்டான்.

"நீ போ. கருப்பாயி அக்காவுக்கு நான் கொத்துறேன்."

"ஒனக்கு ஏன்ணே?"

"சும்மாவா கொத்துறேன்? எனக்கு ஒரு நாள் அத்தம் பாக்கி வெச்சுக்க. டீச்சரம்மாவானாலும் விடமாட்டேன், சீலையத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்கணும்."

பத்து மணிக்குக் கருப்பாயி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்ற லயத்துக்கு வந்தாள். அவள் கேத்தலை அடுப்பில் வைத்தபோது பின்மலை அப்படியே இறங்கி வந்து துண்டின் மேல் உட்கார்ந்தது. துண்டில் இருந்தது அவன் ஒருவன்தான்.

மறுநாளிலிருந்து தோட்டத்து ஆட்கள் இருபத்துநாலு பேர் தோண்டினார்கள். மண்ணைச் சுற்றி வந்து பார்த்த கங்காணி, "இருவத்துநாலு ஆளுக்குப் பன்னண்டு நாள் வேல இருக்கு" என்று சொன்னார். நாலு நாள் தோண்டியாயிற்று. ஐந்தாம் தேதி பின்னேரம், மேலே இன்னும் வெடிப்பு ஓடுகிறது, இனி ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று தோட்டத் துரை நிறுத்திவிட்டார். மரங்களும் வெட்டாமல் கிடந்தன. ஆட்களைப் பால் மலைக்குத் திருப்பினார்கள். உடம்பு இல்லாமலே கருமாதி நடந்தது.

ஆறாம் தேதி விடியலில் விஜயகலா சத்தத்தைக் கேட்டாள்.

அவள் வெட்டுகிற நாலாம் நம்பர் மலை, சரிந்த மண்ணை ஒட்டியிருந்தது. முதல் மரத்தில் பட்டையைச் சீவிச் சிரட்டையைத் தொங்கவிடும்போது கீழேயிருந்து வந்தது. மம்பட்டி ஈரமண்ணில் இறங்கும் சத்தம். இரண்டு வெட்டு, ஒரு இழுப்பு. சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு வெட்டு, ஒரு இழுப்பு. அவசரமில்லாத, பேர் விழுந்து நாள் கூலி எழுதப்படும் வேலையைச் செய்கிற ஆளின் சீர். அவள் கத்தியை நிறுத்தினால் அதுவும் நின்றது.

பால் எடுத்துக்கொண்டு இறங்கும்போது சரிவின் அடியில் புது மண் கிடந்தது. நிறைய இல்லை. ஒரு ஆள் ஒரு காலையில் தள்ளக்கூடிய அளவு.

"முள்ளம்பன்னி" என்றாள் கருப்பாயி.

"காட்டுப்பன்னி" என்றான் இன்னொருவன்.

அப்பா பழனியாண்டி அன்றிலிருந்து தலையணையைச் சரிவுப் பக்கத்துச் சுவரிலிருந்து எடுத்து வாசல் பக்கம் போட்டுக்கொண்டார். மழை பெய்து பால் வெட்டில்லாத நாளிலும் அடியில் மண் விழுந்தது. வெயில் காய்ந்த ஆகஸ்டிலும் அந்த மண் மட்டும் உள்ளேயிருந்து வந்த ஈரத்தோடு கிடந்தது. சனம் அதைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டது. கையில் வேலை உள்ளவர்களுக்குப் பழக எதுவும் கஷ்டமில்லை.

அக்டோபரில் ரிஸ்னா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"புத்தகத்துக் கணக்கு ஒனக்கு ஒட்டுதில்ல. நீயே ஒரு கணக்கு உண்டாக்கு. கொஞ்ச நாள் வேல செஞ்சி ஆள் நிண்டு போற கணக்கு. அது கட்டாயம் வரும்."

விஜயகலா யோசிக்கவில்லை. கை தானாக எழுதியது. *ஒரு மண்சரிவை 24 பேர் 12 நாட்களில் அகற்றுவர். 4 நாட்களின் பின் வேலை நிறுத்தப்பட்டது. எஞ்சிய வேலையை ஒருவர் தனியே எத்தனை நாட்களில் முடிப்பார்?*

ரிஸ்னா வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "வேற எழுது."

"இருக்கட்டும்."

எட்டு நாள் வேலை மிச்சம். இருபத்துநாலை எட்டால் பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மனித நாள். ஒரு ஆளுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள். முதல் தடவையாக அவள் யாரையும் கூட்டாமல் போட்டிருந்தாள்.

"சரி! மாஷா அல்லாஹ், இப்பதான் மண்டையில ஏறிச்சி" என்று ரிஸ்னா தொடையில் தட்டினாள்.

விஜயகலா எழுந்து சுவரிலிருந்த கடைக் கலண்டருக்கு அருகே போனாள். ஜூன் ஆறாம் தேதி முதல் நாள். ஜூனில் இருபத்தைந்து. ஜூலையோடு ஐம்பத்தாறு. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று தாளைப் புரட்டினாள். நவம்பரோடு நூற்றெழுபத்தெட்டு. மிச்சம் பதினான்கு. டிசம்பர் தாளில் பதினான்காம் தேதியில் விரல் நின்றது. அந்தத் தேதியைச் சுற்றி ஏற்கெனவே சிவப்பு மையில் வட்டம் இருந்தது. கணக்குப் பேப்பர் நாள் என்று ரிஸ்னா போட்ட வட்டம்.

ரிஸ்னாவின் முகம் வெளுத்தது. "அழிடி அத."

"அண்ணன் தனியாத்தான் தோண்டுறான், ரிஸ்னா. உள்ளேருந்து."

"அழின்டு சொல்றேன்ல! அஊது பில்லாஹ்... கடைக்குள்ள இதெல்லாம் பேசாத. வாப்பாக்குக் கேட்டா இந்த அறையையும் பூட்டிருவாரு."

விஜயகலா அழிக்கவில்லை. பலகைக்குத் திரும்பி அந்தக் கணக்கின் கீழேயே இன்னொரு தடவை போட்டாள், பழையபடி, தோட்டத்து முறைப்படி. வீட்டு ஆளையும் சேர்த்து இருபத்தைந்து பேர். எட்டு நாள். இருநூறு. கலண்டரில் இருபத்திரண்டாம் தேதி வந்தது. பரீட்சை முடிந்து எட்டு நாள் கழித்து.

"எது சரி?" என்று கேட்டாள் ரிஸ்னா. கேட்க விரும்பாதவளின் குரல்.

"பேப்பருக்கு மொதல்ல போட்டது சரி."

"மத்ததுக்கு?"

விஜயகலா தாளை மடித்தாள்.

அன்று பின்னேரம் பழனியாண்டி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, அன்னைக்குக் கங்காணி இருவத்துநாலு ஆளுன்னாருல்ல. அதுல நீங்க சேத்தியா?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்கப்பா."

"நான் எப்பிடிச் சேத்தி? எம்மகனத் தோண்ட எனக்குப் பேர் போடுவாங்களா? பேர் விழுந்தது இருவத்துநாலு பேருக்கு. நான் அந்தப் பேருக்கு வெளி ஆளு."

"நாலு நாளும் நீங்க அங்கதான இருந்தீங்க?"

"பின்ன எங்க போவேன்?" கோடாலி கட்டையில் இறங்கியது.

அவளுக்கு மூச்சு விட்டது போலிருந்தது. இருபத்தைந்து. அப்படியானால் இருநூறு நாள். பரீட்சையும் எழுதலாம், அண்ணன் வெளியே வருகிற அன்று அவனுக்குக் கொடுக்க வேண்டிய நாளையும் கொடுக்கலாம். அப்பாவிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் வருகிற பதில் வேறு மாதிரி இருந்துவிடுமோ என்று அவள் கேட்கவில்லை.

நவம்பரில் சத்தம் மேலே வந்துவிட்டது. முன்பு அது காலுக்குக் கீழே எங்கோ கிணற்றுக்குள் கேட்பது போல இருந்தது. இப்போது பக்கத்துக் காம்பராவில் யாரோ தேங்காய் துருவுகிற தூரம். கருப்பாயி அந்தப் பாதையை விட்டு ஸ்டோர் பக்கமாகச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். நாலாம் நம்பரில் கடைசி வரிசை மரங்கள் பால் விடுவதை நிறுத்தின. பட்டையைச் சீவினால் வெள்ளையாய் இரண்டு சொட்டு, அதன் பிறகு மண்ணிறத் தண்ணீர். வேர் அறுந்திருக்கும் என்றார் கங்காணி. எதால் அறுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

டிசம்பர் பதினான்காம் தேதி விடிந்தும் விடியாமல் விஜயகலா வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் உடுத்திக்கொண்டு புறப்பட்டாள். பஸ் நிற்கிற இடத்துக்குக் குறுக்குப்பாதை சரிவின் அடியால்தான். சுற்றிப் போனால் பஸ் தவறும்.

இரண்டு வெட்டு, ஒரு இழுப்பு.

அவள் நின்றாள். சத்தம் நிற்கவில்லை. இத்தனை மாதத்தில் அது நிற்காதது அன்றுதான். சரிவின் அடியில் ஒரு முழம் மண் துடித்தது. அடுப்பில் கஞ்சி கொதித்து மேல் ஏடு அசைவது போல. செருப்பின் அடியில் அந்த அதிர்வு உள்ளங்காலுக்கு ஏறியது. குனிந்து கை வைத்தாள். மண் சூடாக இருந்தது. வேலை செய்கிற உடம்பின் சூடு.

ஒரு மம்பட்டி இருந்தால் ஒரு மணி நேர வேலை. மம்பட்டி இல்லாவிட்டால் கையாலேயே பறிக்கலாம். மேல் ரோட்டில் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது.

"அண்ணே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இன்னைக்கு இல்லண்ணே. அப்பாவையும் சேத்தா இருநூறு நாள். இன்னும் எட்டு நாள் இருக்கு. இருவத்தி ரெண்டாந் தேதி நானே வர்றேன். சத்தியமா வர்றேன்."

சத்தம் நின்றது.

அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இடது உள்ளங்கை முழுவதும் மண் அப்பியிருந்ததைப் பார்த்தாள். கைலேஞ்சியால் துடைத்தாள். ரேகைக்குள் இறங்கியது போகவில்லை.

பரீட்சை மண்டபத்தில் வலது மணிக்கட்டு வலிக்கவே இல்லை. இரண்டாம் பேப்பரில் ஐந்தாவது வினா: *ஒரு மதிலை 15 பேர் 8 நாட்களில் கட்டி முடிக்கத் திட்டமிட்டனர். 3 நாட்களின் பின் 5 பேர் விலகினர்.* இரண்டு வரிசை தள்ளி ரிஸ்னா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். விஜயகலா மதிலுக்குச் சொந்தக்காரனை நினைக்கவில்லை. மிச்சம் எழுபத்தைந்து மனித நாள், ஆள் பத்து, ஏழரை நாள். பென்சில் வழுக்கிக்கொண்டு போனது. கடைசி மணி அடித்தபோது, இந்தத் தடவை தேறிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கப் பயமாக இருந்தது.

திரும்பி வரும்போது சரிவில் சனம் நின்றது.

சரிவின் அடியில் ஒரு துவாரம் வாய் திறந்திருந்தது. ஒரு ஆளின் தோள் நுழைகிற அகலம். விளிம்பு உள்ளேயிருந்து வெளியே தள்ளின மண். ஆனால் உள்ளே ஒரு கை ஆழம்கூட இல்லை. மேலிருந்து மறுபடி இறங்கி அடைத்துக்கொண்டிருந்தது.

"மத்தியானம் வரைக்கும் சத்தம் கேட்டுச்சுடி" என்றாள் கருப்பாயி. தலைமுடியை முடியாமல் நின்றாள். "நாங்க எல்லாம் மலையில. ஆரும் கிட்ட வரல, பயந்துக்கிட்டு. அப்பறம் தொபுக்குன்னு ஒரு சத்தம். வந்து பாத்தா இப்பிடி."

"தண்ணி. உள்ளுக்குத் தண்ணி நின்னு மண்ணத் தள்ளியிருக்கு" என்றார் கங்காணி. இரண்டு தடவை சொன்னார்.

பழனியாண்டி துவாரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மடியில் ஒரு மம்பட்டி. பிடியில் பிரதீபன் கத்தியால் கீறின எழுத்து. மே மாதத்தில் ஹலீம் நானா கடையில் வாங்கிய மம்பட்டி, ஒரு மாதம்கூட உழைக்காதது. இப்போது அதன் தகட்டில் நாலு விரல் அகலம்தான் மிச்சமிருந்தது. மீதி தேய்ந்து போயிருந்தது. விளிம்பு பால் கத்தி போல மின்னியது. புதைந்து கிடந்த இரும்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"வெளியில கெடந்துச்சு" என்றார் பழனியாண்டி. "பிடி இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு. ஆராச்சும் பிடிச்சு இழுக்கட்டும்னு நீட்டுன மாதிரி."

விஜயகலா பக்கத்தில் மண்டியிட்டாள். "இன்னைக்கு இல்லப்பா. கணக்குப்படி இன்னைக்கு இல்ல. நீங்களும் சேந்து இருவத்தஞ்சு பேருல்ல? அப்ப இருவத்தி ரெண்டாந் தேதிதான..."

அவர் அவளைப் பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் முகம் சுருங்கியது.

"நான் தோண்டல புள்ள."

"நாலு நாளும் அங்கதான இருந்தேன்னீங்க?"

"இருந்தேன். மம்பட்டியும் கையில இருந்துச்சு. ஒரு வெட்டு வெட்டல. எங்க வெட்டுனாலும் அவன் மேல விழுந்துருமோன்னு கை எழும்பல. அவங்க இருவத்துநாலு பேருந்தான் தோண்டுனாங்க. நான் சும்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே நின்னேன்."

கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு, இருட்டுமுன் எல்லாரும் விலகுங்கள் என்றார். சனம் கலைந்தது. விஜயகலா அந்தத் துவாரத்துக்குள் கையை விட்டாள். மண் குளிர்ந்திருந்தது. எல்லா மண்ணும் போல.

இருபத்திரண்டாம் தேதி அவள் போனாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேய்ந்த அந்த மம்பட்டியாலேயே காலையிலிருந்து பொழுது சாயும்வரை தோண்டினாள். இடைக்கிடை நிறுத்திக் காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. தோண்டத் தோண்ட மேலிருந்து மண் இறங்கியது. பின்னேரம் கருப்பாயி தேத்தண்ணி கொண்டுவந்து எட்டவே வைத்துவிட்டுப் போனாள். சரிவின் அடியில் அதன் பிறகு புது மண் விழவில்லை. நாலாம் நம்பர் மரங்கள் மறுபடி பால் விட்டன.

பெறுபேறு வந்தது. ரிஸ்னாவும் தேறினாள், அவளும் தேறினாள். அவளுக்குச் சாதாரணச் சித்தி அல்ல, திறமைச் சித்தி. அடுத்த வருஷம் வேலை கிடைத்தது. பழனியாண்டி தோட்டம் முழுக்க ஜீனி பங்கிட்டார். கைவிரல்கள் மெல்ல நிமிர்ந்தன.

தோட்டத்தில் அத்தக் கணக்கை எல்லாரும் மனதில்தான் வைத்திருப்பார்கள். யார் யாருக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள், எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்பதில் ஒருவரும் பொய் சொல்ல மாட்டார்கள். விஜயகலா கருப்பாயிக்குக் கொடுக்க வேண்டியது தீர்ந்துவிட்டது. அதை அவளுக்குப் பதிலாக இன்னொருவன் கொடுத்தான். இருபத்திரண்டாம் தேதி அவள் தோண்டிய நாளில் அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அதனால் அது சேராது. கொடுக்க வேண்டிய நாள் பதினான்காம் தேதி. பிரதீபனுக்கு விஜயகலா ஒரு நாள் அத்தம் பாக்கி.